நீளக் குழல் .22 ரிவால்வர் வாங்கப் போகும் மருமகனுக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகன் ஆஸ்டினில் இருக்கிறான். போன வருடம் அவனுக்கு கிரீன் கார்டு வந்தது. அடுத்த வாரமே போன் போட்டான். "மாமா, நீங்க ஹூஸ்டன்ல இருக்கும்போது நீளமா ஒரு ரிவால்வர் வச்சிருந்தீங்கள்ல, கௌபாய் துப்பாக்கி மாதிரி, அதுல ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்குறது?" அவன் கேட்டது சிங்கிள் ஆக்‌ஷன் ரிம்ஃபயர் ரிவால்வர் என்ற வகை, அந்தப் பேர்களுக்கு அர்த்தம் கீழே வரும். அன்று ஆரம்பித்த பேச்சு மூன்று மாதம் ஓடியது, சித்திரைத் திருவிழாவுக்கு அவன் மதுரை வந்தபோது எங்கள் பசுமலை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து மிச்சத்தையும் பேசி முடித்தோம். அவனை மாதிரி அங்கே இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர், அவர்களில் ஒருவருக்காவது உதவும் என்று முழுசாக எழுதுகிறேன். மதுரையிலேயே இருந்துகொண்டு இதில் ஆசைப்படுகிறவர்களுக்கு என்ன வழி என்பதும் கடைசியில் இருக்கிறது.

முதலில் சட்டம், அப்புறம்தான் கடை

எல்லாரும் குழல் நீளத்தில்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள், நான் விசாவில் ஆரம்பிக்கிறேன். அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி எச்1பி, எல்1, எஃப்1 மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, வேறு சில விலக்குகளும் உண்டு. ஆனால் அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆபீஸ் நண்பர் "நான் வாங்கிட்டேன், ஒண்ணும் ஆகல" என்று சொன்னதை நம்பிப் போகாதீர்கள். ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், வாடகைக்கு ஒரு துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அதை வைத்திருப்பதாகத்தான் கணக்கு, இது பல பேருக்குத் தெரியவே தெரியாது. பத்து வருடம் காத்திருந்து வருகிற குடியுரிமையை ஒரு சனிக்கிழமை விளையாட்டுக்காக இழக்கலாமா?

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் பாதை சுலபம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், கடைக்காரர் பின்னணிச் சோதனை போடுவார். அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். டெக்சாஸில் வாங்குவதற்கென்று தனி அனுமதி கிடையாது. நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் வாங்கும் அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும், கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு எழுதி 10 நாள் காத்திருக்க வேண்டும். உங்கள் மாநிலத்து விதியைப் படித்துவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள்.

இது என்ன மாதிரித் துப்பாக்கி

சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு குண்டுக்கும் பின்பக்கம் துருத்தி நிற்கும் ஹேமரைக் கட்டை விரலால் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் ட்ரிக்கர் வேலை செய்யும். ட்ரிக்கரின் வேலை ஹேமரை விடுவிப்பது மட்டும்தான். அதனால் அது லேசாக, குறுகலாக, கண்ணாடிக் குச்சி ஒடிகிற மாதிரி விடுபடும். 1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் வடிவம்தான் இன்றுவரை இந்த வகைக்கெல்லாம் தாய் வடிவம். தோட்டாவைப் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும், சுட்ட பிறகு அடியில் உள்ள கம்பியைத் தள்ளி ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும்.

ரொம்ப மெதுவான வேலை. பொழுதுபோக்குக்குச் சுடுகிறவனுக்கு அந்த மெதுதான் பெரிய வரம் என்று நான் நினைக்கிறேன். ஒரு பெட்டித் தோட்டா ஒரு மதியம் முழுக்க வரும், ஒவ்வொரு சுடுதலுக்கும் முன்னால் மூச்சு விட நேரம் கிடைக்கும், புதுசாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளையும் மனைவியும் பயமில்லாமல் பழகலாம்.

ரிம்ஃபயர் என்பது தோட்டாவின் வகை. வெடிக்க வைக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இல்லாமல் விளிம்பைச் சுற்றி இருக்கும். நாம் சொல்லும் .22 லாங் ரைஃபிள் 1887-இலேயே வந்தது. பேரில்தான் ரைஃபிள், ரிவால்வருக்கும் அதேதான். உதை என்று சொல்லவே ஒன்றும் கிடையாது, விலையும் மற்றத் தோட்டாக்களைவிடக் குறைவு. ஆனாலும் இதை விளையாட்டுச் சாமான் என்று மட்டும் நினைக்காதீர்கள். தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருப்பார்கள். ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர். பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்று சுட்டால் கோரிப்பாளையத்தில் போய் விழக்கூடிய தூரம்.

குழல் நீளம்: சுத்தியலும் தண்ணீர் பாட்டிலும்

இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீளக் குழல் என்றால் குண்டு பயங்கர வேகத்தில் போகும் என்று ஒரு எண்ணம். வேகம் கொஞ்சம் கூடும், ஆனால் ரிவால்வரில் சிலிண்டருக்கும் (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் வாயு கொஞ்சம் தப்பிவிடும், அட்டையையோ தகர டப்பாவையோ சுடுகிறவனுக்கு அந்த வேக வித்தியாசத்தால் பெரிய பலன் இல்லை. நீளத்தின் உண்மையான பலன், குறி பார்ப்பதற்காகக் குழலின் மேலே இருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள தூரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சைட் அரை மில்லிமீட்டர் விலகி நிற்கிறது என்று வையுங்கள். 4.6 அங்குலக் குழலில் இரண்டு சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் இருக்கும், அந்த அரை மில்லி 25 கஜத்தில், அதாவது 23 மீட்டரில், 7 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். 6.5 அங்குலக் குழலில் அதே தப்பு ஐந்தரை சென்டிமீட்டர். 9 அங்குலத்தில் நாலு சொச்சம். கை அதே கைதான், கண்ணும் அதே கண்தான், தப்பு மட்டும் சுருங்குகிறது.

அப்படியானால் 9 அங்குலமே வாங்கிவிடலாமே என்று மருமகன் கேட்டான். அதற்குத்தான் மாடியில் அந்தச் சோதனை வைத்தேன். வீட்டில் இருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, கையை நேராக நீட்டி, தூரத்தில் திருப்பரங்குன்றம் மலை உச்சியைப் பார்த்தபடி ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னேன். இந்த வகை ரிவால்வர்கள் ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், அதனால் பாட்டில் சரியான அளவு. பிடித்துவிட்டான். அடுத்து ஆசாரி வைத்துவிட்டுப் போன சுத்தியல். எடை அதைவிடக் குறைவுதான், பிடியின் நுனியில் பிடித்து நேராக நீட்டச் சொன்னேன். இருபதாவது விநாடியிலேயே தலை கீழே சாய ஆரம்பித்தது, மணிக்கட்டு நடுங்கியது, தோள் மேலே ஏறியது. மொத்த எடையைவிட எடை எங்கே இருக்கிறது என்பதுதான் கையைச் சோர்வாக்கும். 9 அங்குல ரிவால்வர் அந்தச் சுத்தியலை மாதிரி முன்னால் இழுக்கும். இரண்டு கையால் பிடித்து, மேஜையில் மணல் பை வைத்துச் சுடுவதாக இருந்தால் அது அழகாக நிற்கும், முன்பாரம் நடுக்கத்தைக் குறைக்கவும் செய்யும். நின்றுகொண்டு ஐம்பது குண்டு சுடுவதாக இருந்தால் முப்பதாவது குண்டிலிருந்து கை கெஞ்சும்.

என் தீர்ப்பு இதுதான்: முதல் ரிவால்வர் 6.5 அங்குலம். கண் பார்வை நாற்பதைத் தாண்டிய பார்வை என்றால், முன் சைட் மங்கலாகத் தெரிகிறது என்றால், 7.5 வரை போகலாம், முன் சைட் கண்ணிலிருந்து தள்ளிப் போகப் போகத் தெளிவாகத் தெரியும். 16 அங்குலக் குழலோடும் ஒரு மாடல் வருகிறது, வாங்கி ஆசை தீர்க்கலாம், முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

சைட்

நிலையான சைட், திருகிச் சரிசெய்யும் சைட் என்று இரண்டு. நிலையானதில் பின் சைட் என்பது துப்பாக்கியின் உடற்சட்டத்தின் (ஃபிரேம்) மேலே வெட்டிய ஒரு பள்ளம் மட்டும்தான். குண்டு இடது பக்கம் போனால் நீங்கள்தான் வலது பக்கம் குறி வைத்துச் சமாளிக்க வேண்டும். நீளக் குழலுக்குக் காசு கொடுத்துவிட்டு நிலையான சைட் வாங்குவது, நல்ல தராசு வாங்கிப் படிக்கல்லை யாரிடமோ இரவல் கேட்பது மாதிரி. நூறு டாலர் கூட ஆனாலும் சரிசெய்யும் சைட் வாங்குங்கள்.

எந்தத் தோட்டா, எத்தனை சிலிண்டர்

சில ரிவால்வர்கள் இரண்டு சிலிண்டரோடு வரும், ஒன்று .22 லாங் ரைஃபிளுக்கு, இன்னொன்று .22 மேக்னத்துக்கு. மேக்னம் 1959-இல் வந்தது, சத்தமும் விலையும் கூட. லாங் ரைஃபிள் சிலிண்டரில் பழைய .22 ஷார்ட், லாங் தோட்டாக்களையும் சுடலாம். ஆனால் மேக்னம் சிலிண்டரில் லாங் ரைஃபிள் தோட்டாவைப் போடவே கூடாது, அறை அகலம் என்பதால் தோட்டா தொளதொளவென்று உட்கார்ந்து, சுட்டதும் பித்தளைக் கூடு கிழிந்துவிடும். இரண்டு சிலிண்டரையும் வேறு வேறு நிறப் பையில் வையுங்கள். அட்டை சுடுவதற்கு மட்டும் என்றால் மேக்னம் சிலிண்டர் இல்லாததைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

எந்த மாடல்

மூன்று பெயரைச் சொல்கிறேன், நீளக் குழலும் நியாய விலையும் தேடினால் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வந்து நிற்பீர்கள்.

ஹெரிடேஜ் ரஃப் ரைடர் விலை குறைந்தது, சாதாரண மாடல் பெரும்பாலும் 200 டாலருக்குள் முடியும். 6.5, 9, 16 அங்குலம் வரை குழல் நீளங்கள் உண்டு. உடற்சட்டம் துத்தநாகக் கலவை, குழலும் சிலிண்டரும் எஃகு. பக்கத்தில், தவறிச் சுடாமல் தடுக்கும் ஒரு சேஃப்டி நெம்புகோலும் இருக்கும். மோசமான துப்பாக்கி இல்லை, ஆனால் துத்தநாகச் சட்டத்தில் திருகுகளை அழுத்தி முறுக்கினால் புரி போய்விடும், கை பலத்தைக் காட்டக் கூடாது.

ரூகர் ராங்லர் 2019-இல் 249 டாலர் விலைப்பட்டியலோடு வந்தது, அலுமினியக் கலவைச் சட்டம். முதலில் 4.62 அங்குலம் மட்டும் இருந்தது, பிறகு 6.5-உம் 7.5-உம் வந்தன. சைட் நிலையானது. சைட்டைப் பற்றி நான் மேலே சொன்னதை மீறி ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றால் இதை வாங்குங்கள்.

ரூகர் சிங்கிள் சிக்ஸ் 1953-இலிருந்து வருகிறது. உடற்சட்டமும் குழலும் சிலிண்டரும் எஃகு, 6.5 அங்குலம், சரிசெய்யும் சைட், இரண்டு சிலிண்டர். விலை மற்ற இரண்டையும்விட நன்றாகவே கூட. ஹூஸ்டனில் நான் ஒன்பது வருடம் வைத்திருந்தது இதுதான், அதுவும் பழசாக வாங்கியது. ஊருக்குத் திரும்பும்போது உரிமம் பெற்ற கடையில் விற்றேன், வாங்கின விலைக்குக் குறைவில்லாமல் போனது. கையில் இருக்கும் காசு பத்தாது என்றால் ஆறு மாதம் பொறுத்து இதையே வாங்கு என்றுதான் மருமகனிடம் சொன்னேன்.

ஆறா, ஐந்தா

சிங்கிள் சிக்ஸ் பழசாக வாங்குகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். 1973-க்கு முந்திய மாடல்களில் ட்ரான்ஸ்ஃபர் பார் என்ற தடுப்பு கிடையாது. ஹேமருக்கு அடியில் தோட்டா இருக்கும்போது துப்பாக்கி கீழே விழுந்து ஹேமர் தரையில் பட்டால் வெடித்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்திலிருந்தே ஆறு அறையில் ஐந்து தோட்டா போட்டு, காலி அறை மேல் ஹேமரை இறக்கி வைக்கும் பழக்கம். 1973-க்குப் பிறகு வந்த நியூ மாடலில் ட்ரான்ஸ்ஃபர் பார் உண்டு, ராங்லரிலும் உண்டு, ஆறும் போடலாம். பழைய மாடல் கையில் இருந்தால் ரூகர் நிறுவனம் அந்தத் தடுப்பை இலவசமாகப் பொருத்திக் கொடுக்கிறது. ரஃப் ரைடரில் சேஃப்டி இருந்தாலும் நான் ஐந்துதான் போடுவேன், அவசரம் ஒன்றும் இல்லையே.

தோட்டா போடும் முறையும் இரண்டு விதம். ரூகரின் புது மாடல்களில் கதவைத் திறந்தாலே சிலிண்டர் சுற்றும், ஹேமரைத் தொட வேண்டாம். ரஃப் ரைடரில் ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்திக்கொண்டு கதவைத் திறக்க வேண்டும். எதை வாங்கினாலும், தூக்கி நிறுத்திய ஹேமரைக் கட்டை விரலால் பிடித்து மெதுவாக இறக்குவதைக் காலித் துப்பாக்கியில் நூறு தடவை பழகுங்கள். விரல் வழுக்கி வெடிக்கிற விபத்து பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடக்கிறது.

கடையில் பார்க்க வேண்டியது

கையில் வாங்கியதும் குழலை ஆள் இல்லாத பக்கம் பிடித்து, கதவைத் திறந்து, ஆறு அறையையும் சுற்றிப் பாருங்கள், கடைக்காரர் காலி என்று சொன்னாலும் பாருங்கள். அப்புறம் ஹேமரை மெதுவாக, ரொம்ப மெதுவாக இழுங்கள். ஹேமர் முழுசாக நிற்கும்போது சிலிண்டரும் டக்கென்று பூட்டியிருக்க வேண்டும். ஆறு அறைக்கும் ஆறு தடவை இப்படிச் செய்யுங்கள், ஒரு அறையில் மட்டும் பூட்டாமல் நழுவுகிறது என்றால் வேண்டாம். பூட்டிய நிலையில் சிலிண்டரை விரலால் அசைத்துப் பாருங்கள், மயிரிழை ஆட்டம் இருக்கும், கடகடவென்று ஆடக் கூடாது.

சிலிண்டர் முகப்புக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளிக்கு ஃபீலர் கேஜ். நம்ம ஊர் மெக்கானிக் கடையில் பைக் டாப்பெட் வைக்கிற அதே இரும்புத் தகடுகள்தான். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி. அதைவிட அகலம் என்றால் சுடும்போது பக்கவாட்டில் ஈயத் துகள் தெறிக்கும், ரொம்பக் குறுகல் என்றால் அழுக்குச் சேர்ந்ததும் சிலிண்டர் சிக்கும்.

பழைய துப்பாக்கியில் இன்னொன்று. ஒவ்வொரு அறையின் வாய் விளிம்பிலும் சின்னப் பள்ளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம்ஃபயரில் தோட்டா இல்லாமல் ட்ரிக்கர் இழுத்தால் சில மாடல்களில் பின் நேராகப் போய் அறை விளிம்பில் இடிக்கும், நாள்பட அந்த இடம் நசுங்கி, கூடு உள்ளே போகவும் வரவும் அடம்பிடிக்கும். வெறும் பயிற்சிக்கு ட்ரிக்கர் இழுக்கலாமா என்பதை அந்தந்த மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் திருகு அடிக்க வைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக் அங்கே ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும், அதில் சரியான அளவு பார்த்து வாங்கினால் .22 அறையில் கச்சிதமாக உட்காரும், பயிற்சிக்கு அதைத்தான் நான் போட்டுக்கொள்வேன்.

கூடவே வாங்க வேண்டியவை

கண்ணைக் காக்கும் கண்ணாடி, காது மூடி, பூட்டுப் பெட்டி. .22 சத்தம் சின்னது என்று காதைத் திறந்து வைத்துச் சுடாதீர்கள், கைத்துப்பாக்கியில் அது 140 டெசிபலைத் தாண்டும், போன காது திரும்பி வராது. வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டுப் பெட்டி துப்பாக்கிக்கு முந்தியே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில்.

முதல் நாள் ரேஞ்சில்

500 தோட்டாக் கட்டு ஒரே ரகத்தில் வாங்காதீர்கள். நாலு ரகத்தில் 50 தோட்டா உள்ள பெட்டி ஒவ்வொன்று வாங்கி, 15 கஜத்தில் மணல் பை மேல் வைத்து ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு .22-வுக்கும் நாக்கு வேறு, பக்கத்துக்காரர் துப்பாக்கிக்குப் பிடித்தது உங்களுடையதற்குப் பிடிக்காது. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, அதாவது சாதாரண வேக ரகத்தில் ஆரம்பித்தால் நல்லது.

கையைச் சிலிண்டரின் முன்பக்கத்துக்குக் கொண்டுபோகவே கூடாது, அந்த இடைவெளியிலிருந்து சூடான வாயு பீறிடும். ஹேமர் பெரியது, விழ நேரம் எடுக்கும், ட்ரிக்கர் விடுபட்ட பிறகும் முன் சைட்டைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். குண்டு வெளியேறும் முன்பே தலையைத் தூக்கி அட்டையைப் பார்க்கிறவன் குண்டு குறி தப்பித்தான் போகும். முடித்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு சாப்பிடுங்கள், விரலெல்லாம் ஈயம்.

மதுரையிலேயே இருப்பவர்களுக்கு

இங்கே கதை வேறு. 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும்தான் நமக்கு. ரிவால்வர் லைசென்ஸுக்கு மாநகருக்குள் போலீஸ் கமிஷனர், வெளியே கலெக்டர். பொழுதுபோக்குக்கு என்று எழுதிக் கொடுத்தால் கிடைக்கிற காரியம் இல்லை, இந்த மாதிரி நீளக் குழல் வெளிநாட்டு ரிவால்வரைத் தனி ஆள் இறக்குமதி செய்யவும் சாதாரணமாக வழியில்லை. நம் அரசுத் தொழிற்சாலையின் நிடர் என்ற ரிவால்வர் .22-வில் வருவது, ஆனால் தற்காப்புக்கான குட்டைக் குழல், இந்த விளையாட்டுக்கு ஆகாது.

ஆனால் நான் மேலே சொன்ன சைட், மூச்சு, ட்ரிக்கர் பாடம் எல்லாவற்றையும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் அப்படியே படிக்கலாம். 0.177 அங்குலத்துக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை, கடையில் அடையாளச் சான்று கொடுக்க வேண்டியிருக்கும். அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பித்தான் அளவு. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஒரு வருடம் இதைச் சுடுங்கள், அப்புறம் கிளப் வழியாகவே .22 விளையாட்டுத் துப்பாக்கிகளுக்குப் போகலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டி இதே .22 லாங் ரைஃபிளில் சுடுவதுதான். வீட்டு மாடியில் வைத்து புறா, கொக்கு என்று சுடுவது மட்டும் கூடவே கூடாது, வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள், உயிரும் பாவம்.

ஊருக்கு வரும்போது

இதை எழுதவே முக்கியக் காரணம் ஒன்று இருக்கிறது. மருமகன் சித்திரைக்கு வந்த அன்று, அவனியாபுரம் வீட்டில் அக்கா அவன் முதுகுப் பையைத் துவைக்கப் போடுவதற்காகக் கவிழ்த்து உதறினாள். சார்ஜர், இரண்டு சாக்லேட், அப்புறம் தரையில் டிங் என்று ஒரு சத்தம். சின்னப் பித்தளைக் கூடு ஒன்று உருண்டு பீரோ அடியில் போய் நின்றது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அடி விளிம்பில் பின் குத்திய தழும்பு. நண்பனோடு ரேஞ்சுக்குப் போனபோது கொண்டுபோன அதே பையை ஊருக்கும் எடுத்து வந்துவிட்டான். அக்காவுக்கு அது என்னவென்று தெரியவில்லை, எனக்கு வயிறு கலங்கிவிட்டது. சுட்ட கூடாக இருந்ததால் தப்பித்தான் என்றுகூடச் சொல்ல மாட்டேன், விமான நிலையத்தில் கண்ணில் பட்டிருந்தால் விளக்கம் சொல்லியே ஒரு நாள் போயிருக்கும். சுடாத தோட்டா ஒன்று இருந்திருந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, கைது, பாஸ்போர்ட் முடக்கம் வரை போகும், அப்படி மாட்டியவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது.

அதனால் ரேஞ்சுக்கென்று தனிப் பை வாங்குங்கள், பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில், பயணத்துக்கு யாரும் எடுக்க மாட்டாத மாதிரி. அந்தப் பை வீட்டை விட்டு ரேஞ்சுக்கு, ரேஞ்சை விட்டு வீட்டுக்கு. ரேஞ்சுக்குப் போட்டுப் போன பேன்ட், ஜாக்கெட் பைகளையும் துவைக்கும் முன் கை விட்டுப் பாருங்கள், .22 கூடு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். மருமகன் திரும்பிப் போனதும் முதலில் வாங்கியது அந்தப் பையைத்தான், ரிவால்வருக்கு இன்னும் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறான்.